வீட்டு அறையும் இன்னிசையும்

மார்கழி மாதம் என்றவுடன் சென்னைவாசிகளின் நினைவிற்கு வருபவை வாசற்கோலம், கிறிஸ்து பிறப்பு விழா, சங்கீதக் கச்சேரி ஆகிய மூன்றுமே ஆகும். 1928-ஆம் ஆண்டு தோன்றிய மியூசிக் அகாதெமி முதல் மயிலாப்பூர், தியாகராய நகர் சபாக்கள் வரை எங்கும் இன்னிசை முழங்கும். ஆனால் முதுமையின் காரணமாக வெளியே செல்ல இயலாதவர்கள் என் செய்வார்கள்? வீட்டிலேயே கணினியின் வாயிலாகக் கேட்டு மகிழ்கின்றனர். அவ்வாறு கேட்டவர்தாம் எங்களுள் ஒருத்தியின் தாத்தா.

மயிலாப்பூரிலுள்ள அவர் வீட்டுக் கூடத்தில் நல்ல ஒலிபெருக்கிப் பெட்டிகள் இரண்டு உண்டு. ஆயினும் சென்ற ஆண்டு அவர் கச்சேரி கேட்பதையே விட்டுவிட்டார். “மிருதங்கம் மட்டும் ‘தொம் தொம்’ என்று கேட்கிறது. சாகித்தியத்தில் ஒரு சொல்லும் புரியவில்லையம்மா. என் காது போய்விட்டது” என்றார். வீட்டாரும் அவ்வாறே எண்ணினர். பத்தாம் வகுப்பில் ஒலியியல் பாடம் படித்துக்கொண்டிருந்த எங்கள் நால்வருக்கோ வேறோர் ஐயம் தோன்றியது. குற்றம் காதில் இல்லாமல் அறையில் இருக்கக்கூடாதா? அதை ஆராய்ந்தபோது நாங்கள் கற்றவற்றையே இங்கு கூற விழைகிறோம்.

அறை ஏன் முழங்குகிறது?

எதிரொலி தனியாகக் கேட்கவேண்டுமானால் சுவர் குறைந்தது 17.2 மீட்டர் தொலைவில் இருக்கவேண்டும் என்று படித்திருக்கிறோம். வீட்டு அறையில் அத்தனை தூரம் ஏது? அங்கே ஒலி சுவர், தரை, கூரை ஆகியவற்றில் மீண்டும் மீண்டும் பட்டுத் திரும்பி, ஒன்றோடொன்று கலந்து நீண்ட முழக்கமாகிவிடுகிறது. சாந்தோம் பேராலயத்தில் பாடற்குழுவினர் பாடி முடித்த பின்னும் நாதம் சற்றுநேரம் தங்கி நிற்பதை நாம் கேட்டிருக்கிறோம் அல்லவா? 1896-இல் இன்றைய வடிவில் கட்டப்பெற்ற அவ்வுயர்ந்த ஆலயத்தில் அம்முழக்கம் பாடலுக்கு அழகு சேர்க்கிறது. ஆனால் வாசகம் வாசிப்பவர் விரைந்து வாசித்தால் சொற்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறிவிடும்.

இம்முழக்கத்தை முதன்முதலில் அளந்து கணக்கிட்டவர் அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த வாலஸ் சபின் என்பவர். அங்குள்ள ஃபாக் அருங்காட்சியக விரிவுரைக்கூடத்தில் பேச்சு ஒன்றும் விளங்கவில்லை என்பதால், 1895-இல் அதைச் சீர்செய்யும் பொறுப்பு அவரிடம் ஒப்படைக்கப்பட்டது. வேறோர் அரங்கின் இருக்கை மெத்தைகளை நள்ளிரவில் கொண்டுவந்து பரப்பி, ஓர் ஆர்கன் குழலை ஒலிக்கச்செய்து, ஓசை அடங்கும் நேரத்தை அளந்தார். மெத்தைகள் கூடக்கூட முழக்கம் குறைந்தது. இவ்வாறு பிறந்ததே சபின் விதி. அறையின் கன அளவை 0.161-ஆல் பெருக்கி, ஒலியை உறிஞ்சும் பரப்பால் வகுத்தால் முழக்க நேரம் கிடைக்கும். 1900-இல் திறக்கப்பட்ட பாஸ்டன் சிம்பொனி அரங்கு இவ்விதியின் துணைகொண்டு கட்டப்பட்டதாகும்.

தாத்தாவின் கூடம் 5 மீட்டர் நீளம், 3.5 மீட்டர் அகலம், 3 மீட்டர் உயரம் கொண்டது. கன அளவு 52.5 கன மீட்டர். மொசைக் தரை, சுண்ணாம்புச் சுவர், கான்கிரீட் கூரை ஆகிய மூன்றும் ஒலியை உறிஞ்சுவதே இல்லை எனலாம். உறிஞ்சும் பரப்பு 5 சதுர மீட்டர் என்று கொண்டால் முழக்க நேரம் 1.7 விநாடி. அதையே 12 சதுர மீட்டராக உயர்த்தினால் 0.7 விநாடியாகக் குறைந்துவிடும். கச்சேரி மண்டபத்தில் அமர்ந்திருக்கும் மக்களின் உடலும் உடையுமே ஒலியை உறிஞ்சுவதால்தான், நிறைந்த சபை ஒருவிதமாகவும் காலிச் சபை வேறுவிதமாகவும் ஒலிக்கின்றன.

தாழ்ந்த ஒலியின் குறும்பு

மற்றொரு தொல்லையும் உண்டு. சென்னையின் வெப்பத்தில் ஒலி விநாடிக்கு ஏறத்தாழ 350 மீட்டர் செல்கிறது. அவ்வேகத்தை அறை நீளத்தின் இருமடங்கால் வகுத்தால் 35 வரும். 35 ஹெர்ட்ஸ், அதன் இருமடங்கான 70 ஹெர்ட்ஸ் போன்ற அதிர்வெண்களில் இரு சுவர்களுக்கிடையே நிலை அலைகள் எழுகின்றன. அகலத்தை வைத்துக் கணக்கிட்டால் 50 ஹெர்ட்ஸ் வருகிறது. இந்த அலைகள் சுவரோரத்தில் மிக வலுவாகவும், சில இடங்களில் இல்லாததுபோலவும் இருக்கும்.

மிருதங்கத்தின் தொப்பியில் ரவைப் பசை பூசுவது ஆழ்ந்த ஒலி பெறுவதற்காகவே. அவ்வாழ்ந்த ஒலி 70 ஹெர்ட்ஸை ஒட்டி வரும்போது அறையும் சேர்ந்து முழங்குகிறது. தாத்தாவின் சாய்வு நாற்காலியோ பின்சுவரை ஒட்டியே கிடந்தது! அடர்ந்த தாழ் ஒலி மெல்லிய உயர் ஒலிகளை மறைத்துவிடும். ‘ச’, ‘த’, ‘ட’ போன்ற மெய்யெழுத்துகளைப் பிரித்துக் காட்டுபவை உயர் ஒலிகளே. முதுமையில் செவி முதலில் இழப்பதும் அவற்றையே. ஆகவே மிருதங்கம் கேட்டதும் சொற்கள் மறைந்ததும் வியப்பன்று.

கணினியின் உதவி

அறையின் இயல்பை அளக்க ‘ரூம் ஈக்யூ விசார்ட்’ என்னும் மென்பொருள் இலவசமாகக் கிடைக்கிறது. அளவீட்டுக்கான மைக் ஒன்றை இரவல் பெற்று, தாத்தாவின் தலை இருக்கும் இடத்தில் பொருத்தினோம். மென்பொருள் தாழ்ந்த சுருதியிலிருந்து உயர்ந்த சுருதிவரை ‘ஊய்ய்’ என்று ஓர் ஒலியை எழுப்பி, மைக்கில் வந்ததை வரைபடமாகக் காட்டியது. 70 ஹெர்ட்ஸில் குன்றுபோல் ஒரு மேடு. சராசரியைவிட 12 டெசிபெல் அதிகம்! 10 டெசிபெல் என்றால் ஆற்றல் பத்து மடங்கு என்பதை நினைவிற்கொள்க. 50 ஹெர்ட்ஸில் ஒரு பள்ளம். நாற்காலி அறையின் அகலத்தில் சரிநடுவே இருந்ததே அதற்குக் காரணம்.

இவற்றைச் சமன்செய்ய ‘ஈக்வலைசர் ஏ.பி.ஓ.’ என்னும் மற்றோர் இலவச மென்பொருள் விண்டோஸ் கணினிக்கு உண்டு. எந்த அதிர்வெண்ணை, எத்தனை டெசிபெல், எவ்வளவு அகலத்திற்குக் கூட்டவேண்டும் அல்லது குறைக்கவேண்டும் என்று அதனிடம் கூறினால், பாட்டு பெட்டிக்குச் செல்லுமுன்பே அவ்வாறு மாற்றி அனுப்பும்.

அவசரப்பட்ட நாங்கள் முதலில் பள்ளத்தை நிரப்பப் புகுந்து, 50 ஹெர்ட்ஸை 10 டெசிபெல் உயர்த்தினோம். பெட்டி ‘கர்ர்’ என்று கதறியது, பள்ளமோ நிரம்பவில்லை. மறுநாள் எங்கள் அறிவியல் ஆசிரியையான அருட்சகோதரியிடம் கூறியபோது அவர் சிரித்தார். “ஓட்டைப் பானையில் அதிகம் ஊற்றினால் நிறையுமா? நேராக வரும் அலையும் திரும்பும் அலையும் ஒன்றையொன்று அழிக்கும் இடம் அது. ஒன்றைக் கூட்டினால் மற்றதும் கூடும். மேட்டைக் குறையுங்கள், பள்ளத்தை விட்டுவிடுங்கள். அதற்கும் முன்னால் அறையைச் சரிசெய்யுங்கள்” என்றார்.

அவ்வாறே செய்தோம். தரையில் கனத்த ஜமக்காளம் விரித்து, சன்னல்களுக்குத் தியாகராய நகரில் வாங்கிய தடித்த திரைகளை மடிப்பு மடிப்பாகத் தொங்கவிட்டோம். பாட்டி பரணிலிருந்து இலவம்பஞ்சு மெத்தைகளை இறக்கித் தந்தார். அவற்றைப் பின்சுவரில் சாத்தினோம். கை தட்டினால் ‘கணீர்’ என்று திரும்பிய ஓசை அடங்கிப்போயிற்று. ஆனால் 70 ஹெர்ட்ஸின் அலைநீளம் 5 மீட்டர். துணியும் மெத்தையும் அதை என் செய்யும்? அதற்காக நாற்காலியைச் சுவரிலிருந்து 3 அடி முன்னே இழுத்தோம். மேடு பாதியாகக் குறைந்தது. எஞ்சிய 6 டெசிபெலை மென்பொருள் கொண்டு குறைத்தோம். எங்கள் வேலையில் மென்பொருளின் பங்கு அவ்வளவுதான்!

எல்லை அறிதல்

மென்பொருளால் எல்லாம் ஆகும் என்று எண்ணலாகாது. இத்தகைய சிறு அறையில் ஏறத்தாழ 200 அல்லது 300 ஹெர்ட்ஸுக்குக் கீழேதான் இத்திருத்தம் நன்கு பயன்படும். அதற்கு மேலே தலையைச் சற்று நகர்த்தினாலே வரைபடம் மாறிவிடும். நீண்ட முழக்கத்தை அது குறைக்காது. மெத்தையும் திரையுமே குறைக்கும். மேலும் ஓர் இருக்கைக்குச் செய்த திருத்தம் மற்றோர் இருக்கைக்குப் பொருந்தாமற் போகலாம். பக்கத்தில் அமர்ந்த பாட்டி, “எனக்கு முன்பு போலத்தான் இருக்கிறது” என்றார்!

அன்று மாலை தாத்தா கண்களை மூடிக் கேட்டார். பாட்டு முடிந்தபின், “பல்லவி முழுவதும் புரிந்தது. சரணத்தில் சில சொற்கள் பிடிபடவில்லை” என்றார். காதிலும் சிறிது குறை இருந்தது உண்மையே. பின்னர் மருத்துவரிடம் சென்று செவித்திறன் சோதித்துக்கொண்டார். அவருக்குத் தந்த காதுக் கருவியும் இதே தத்துவத்தில் இயங்குகிறது என்பதை அறிந்து மகிழ்ந்தோம். எந்த அதிர்வெண் குறைகிறதோ அதை மட்டும் அது உயர்த்தித் தருகிறது.

அன்புத் தோழியரே! உங்கள் வீட்டிலும் முதியவர் ஒருவர் தொலைக்காட்சியின் ஒலியைக் கூட்டிக்கொண்டே போகலாம். அல்லது கேட்பதையே நிறுத்திவிட்டு மௌனமாக அமர்ந்திருக்கலாம். “உங்களுக்குக் காது கேட்காது” என்று சொல்லுமுன் அறையின் நடுவே நின்று ஒருமுறை கைதட்டிப் பாருங்கள். நாற்காலியை மூன்றடி நகர்த்திப் பாருங்கள். இதற்குக் காசு ஒன்றும் ஆகாது. தாத்தாவின் கூடத்தில் அம்மெத்தைகள் இன்னும் சுவரில்தான் சாய்ந்து நிற்கின்றன. விருந்தினர் வந்தால்கூட அவற்றை எடுக்க அவர் அனுமதிப்பதில்லை!