இல்லப் பட்டறை – 7: சிறு லேத்தில் விறைப்பே துல்லியம்

அரம், ரம்பம் ஆகிய கைக்கருவிகளைப் பற்றிச் சென்ற இதழ் வரை பார்த்தோர்க்கு, உருளை வடிவம் ஒன்றை அவற்றால் செம்மையாக எடுப்பது எவ்வளவு கடினம் என்பது புரிந்திருக்கும். அந்த வேலையை முறையாகச் செய்வதற்கு உரியது லேத். சுழலும் உலோகத் துண்டின்மேல், சுழலாத வெட்டுளியை நகர்த்திக் கடைந்தெடுப்பதே அதன் செயல்முறை. வீட்டு மேசைமேல் வைத்து இயக்கத்தக்க சிறு லேத்தால் என்ன செய்ய முடியும், அதன் எல்லை எங்கே அமைகிறது, அந்த எல்லைக்குள் துல்லியத்தை எவ்வாறு ஈட்டுவது என்பனவே இந்த இதழின் பொருள்.

1800ஆம் ஆண்டையொட்டி இலண்டனில் ஹென்றி மாட்ஸ்லே உருவாக்கிய மரை வெட்டும் லேத்தில், வெட்டுளியைக் கையில் பிடிக்காமல் நகரும் தாங்கியில் பொருத்துவதும், அத்தாங்கியை லீட் ஸ்க்ரூ எனப்படும் நீண்ட திருகுத்தண்டால் சீராக இழுத்துச் செல்வதும் ஒன்றுசேர்ந்தன. இன்றைய சிறு லேத்துகளும் இந்த அமைப்பையே பின்பற்றுகின்றன. 1950களில் ஆஸ்திரியாவின் எம்கோ நிறுவனம் வெளியிட்ட யூனிமேட், லேத்தை மேசைமேல் அடங்கும் அளவுக்குச் சுருக்கியதோடு, அதே பாகங்களை மாற்றிப் பொருத்தித் துளையிடவும் வழிசெய்தது. பிற்காலத்தில் சீனாவின் ஷாங்காய் நகரைச் சேர்ந்த சீக் நிறுவனத்தின் வடிவமைப்பு, பல நாடுகளில் பல பெயர்களில் விற்கப்பட்டு, இல்லப் பட்டறைகளில் பரவலாக இடம்பெற்றது.

இவ்வகை லேத்தை '7 × 14' என்று குறிப்பிட்டால், பெட் எனப்படும் அடித்தளத்தின்மேல் தட்டாமல் சுழலக்கூடிய மிகப் பெரிய விட்டம் 7 அங்குலம், அதாவது சுமார் 180 மி.மீ. என்பதும், இரு மையங்களுக்கு இடைப்பட்ட தொலைவு 14 அங்குலம் என்பதும் பொருள். ஆயினும் டூல் எனப்படும் வெட்டுளியைத் தாங்கிக் குறுக்காக நகரும் கிராஸ் ஸ்லைடுக்கு மேலே கிடைக்கும் இடம் சுமார் 110 மி.மீ. மட்டுமே என்பதால், நீளமான உருளைகளுக்கு இந்த 110 மி.மீ. விட்டமே உண்மையான வரம்பாகிறது.

சிறு லேத் வாங்குவோர் பெரும்பாலும் மோட்டாரின் திறனையே முதலில் கேட்கின்றனர். ஆனால் வேலையின் தரத்தைத் தீர்மானிப்பது அந்தத் திறனைவிட விறைப்பே. விசைக்கு உட்பட்டும் வளையாமல் நிற்கும் தன்மையே விறைப்பு எனப்படுகிறது. டூல் உலோகத்தை வெட்டும்போது உலோகமும் டூலைத் திருப்பித் தள்ளுகிறது. அந்தத் தள்ளுதலில் ஜாப் எனப்படும் வேலைத்துண்டும், டூலும், அவற்றைத் தாங்கும் ஸ்லைடுகளும் சிறிதளவேனும் வளைகின்றன. தொழிற்சாலை லேத்தில் வார்ப்பிரும்பின் எடையே இதைக் கட்டுப்படுத்திவிடும். ஏறத்தாழ 40 கிலோ எடையுள்ள சிறு லேத்தில் அந்தப் பொறுப்பு கடைபவரின் அறிவுக்கு வந்துசேர்கிறது.

சக் எனப்படும் பிடிகருவியில் ஒருமுனை மட்டும் பிடிக்கப்பட்ட தண்டின் வளைவு, வெளியே நீண்டிருக்கும் நீளத்தின் மூன்றாம் அடுக்குக்கு நேர்விகிதத்திலும், விட்டத்தின் நான்காம் அடுக்குக்குத் தலைகீழ் விகிதத்திலும் அமைகிறது. 10 மி.மீ. விட்டமுள்ள எஃகுத் தண்டு சக்கிலிருந்து 50 மி.மீ. நீண்டிருக்க, அதன் முனையில் 5 கிலோ எடைக்கு ஈடான பக்கவிசை பட்டால், முனை ஏறத்தாழ 0.02 மி.மீ. விலகும், விட்டத்தில் அது 0.04 மி.மீ. பிழையாகத் தோன்றும். நீளத்தை 25 மி.மீ. ஆகக் குறைத்தால் பிழை எட்டில் ஒரு பங்காகச் சுருங்குகிறது, 100 மி.மீ. ஆக்கினாலோ எட்டு மடங்காகப் பெருகி, வெர்னியரில் வெளிப்படையாகத் தெரியும் கூம்பாகிவிடுகிறது. மறுமுனையைத் தாங்கும் டெயில் ஸ்டாக்கின் துணையில்லாமல் விட்டத்தைப் போல மூன்று, நான்கு மடங்குக்கு மேல் தண்டை வெளியே நீட்டக்கூடாது என்று பட்டறைகளில் சொல்லப்படும் விதிக்கு இந்தக் கணக்கே அடிப்படை.

பித்தளைத் தலையும் எஃகுக் கைப்பிடியும் கொண்ட சிறு சுத்தியல், இந்த விதியைக் கைக்குப் பழக்கப்படுத்த ஏற்ற முதல் வேலையாகும். 20 மி.மீ. விட்டமும் 50 மி.மீ. நீளமும் உள்ள தலை தடித்துக் குறுகியது, 12 மி.மீ. தண்டிலிருந்து 180 மி.மீ. நீளத்துக்கு எடுக்கப்படும் கைப்பிடியோ மெலிந்து நீண்டது. ஒரே பொருளின் இரு பாகங்கள் விறைப்பின் இரு எதிர்முனைகளில் நிற்பதால், முதலாவது எளிதாக முடிவதும் இரண்டாவது கவனத்தைக் கோருவதும் ஏன் என்பதைச் செய்பவரே கண்டுணர்கிறார்.

எந்த வேலைக்கும் முதலில் சுழல்வேகத்தைக் கணக்கிட வேண்டும். வெட்டுவேகத்தை நிமிடத்துக்கு இத்தனை மீட்டர் என எடுத்து, அதை 1000ஆல் பெருக்கி, விட்டத்தையும் 3.14ஐயும் பெருக்கி வரும் எண்ணால் வகுத்தால் நிமிடச் சுழற்சி கிடைக்கும். ஹைஸ்பீட் ஸ்டீல் டூலுக்குப் பித்தளையில் 60 மீட்டர் என்று கொண்டால், 20 மி.மீ. தலைக்கு ஏறத்தாழ 950 சுழற்சி வருகிறது. மென்னெஃகில் 25 மீட்டர் என்று கொண்டால், 12 மி.மீ. தண்டுக்கு ஏறத்தாழ 660 வருகிறது. டூலின் முனை சுழல்மையத்தின் உயரத்திலேயே இருக்க வேண்டும். தாழ்ந்திருந்தால் முகப்பைச் சமன்செய்யும் பேஸிங் வேலையில் நடுவே சிறு குமிழ் எஞ்சிவிடும். எஃகுக்கு டூலின் மேற்பரப்பைப் பின்னோக்கிச் சரிவாகத் தீட்டுவது வெட்டும் விசையைக் குறைக்கிறது. பித்தளைக்கோ அந்தச் சரிவு ஆகாது. மேற்பரப்பு மட்டமாக இல்லையெனில் டூல் உலோகத்துக்குள் தானாகவே பாய்ந்து இறங்கிவிடும்.

தலையை முகப்புச் சமன்செய்து, ஓரங்களை மழுக்கிய பின், நீண்ட தண்டிலிருந்து அதைத் துண்டித்தெடுக்கும் பார்ட்டிங் வருகிறது. மெல்லிய தகடு போன்ற டூலைக் குறுக்காகச் செலுத்தும் இவ்வேலையில்தான் சிறு லேத்தின் நெகிழ்வு முழுவதும் வெளிப்படுகிறது. ஸ்லைடுகளின் தளர்வை நீக்கும் கிப் பட்டைகளை இறுக்கி, அசைய வேண்டாத ஸ்லைடைப் பூட்டி, சக்கை ஒட்டியே வெட்டினால் அது நிறைவேறும். அப்போதும் அதிர்வொலி எழுந்தால், லேத்தை நிறுத்தி, தண்டைக் கழற்றி, வைஸில் பிடித்து ஹாக்ஸா ரம்பத்தால் அறுத்து, மறுமுகப்பை லேத்தில் சமன்செய்வதே முறையாகும்.

கைப்பிடிக்கு வரும்போது, சக்கின் நடுவிலும், அதைச் சுழற்றும் ஸ்பிண்டிலிலும் உள்ள துளை வழியாகத் தண்டை உள்ளே தள்ளி, சிறு நீளம் மட்டும் வெளியே தெரியும்படி பிடித்து, முனையில் சென்டர் துளை இட வேண்டும். பிறகு தண்டை வெளியே இழுத்து, அத்துளையில் டெயில் ஸ்டாக்கின் சுழல்மையத்தைப் பொருத்தினால் வளைவு பல மடங்கு குறைகிறது. எஞ்சிய வளைவு முனையை விட்டு நடுப்பகுதிக்கு இடம் மாறுகிறது. கடைந்த தண்டு நடுவில் சற்றே பருத்திருப்பதற்கு இதுவே காரணம். இறுதியில் டூலின் ஆழத்தை மாற்றாமல் ஒருமுறை மீண்டும் ஓட்டினால், முன்பு வளைந்து தப்பிய மென்படலம் வெட்டுப்பட்டு அளவு நெருங்கிவரும். முனையை 8 மி.மீ. ஆகக் குறைத்த பின், டெயில் ஸ்டாக்கில் தாங்கிய டையைக் கொண்டு, சக்கைக் கையால் சுழற்றி எம்8 மரை வெட்டலாம். லேத்திலேயே வெட்டுவதாயின், 1.5 மி.மீ. புரியிடைவெளி கொண்ட லீட் ஸ்க்ரூவை ஸ்பிண்டிலின் ஒரு சுற்றுக்கு ஆறில் ஐந்து சுற்றாக இயக்கும்படி 50, 60 பல் சக்கரங்களை இணைத்தால் எம்8க்கு உரிய 1.25 மி.மீ. கிடைக்கும். இந்த மரை ஏறுவதற்கான உள்மரையை வெட்டத் தலையின் குறுக்கே இடும் துளைக்கு 6.8 மி.மீ. டிரில் பொருந்தும்.

லேத் சிறியது என்பதால் ஆபத்தும் சிறியது என்று எண்ணுவது பெருந்தவறு. சக் சாவியைச் சக்கில் விட்டுவிட்டு மோட்டாரை இயக்கலாகாது. துப்பட்டா, தொங்கும் சட்டைக்கை, கட்டாத கூந்தல், வளையல், கையுறை ஆகியன சுழலும் ஜாப்பில் சிக்கிக் கையையே இழுத்துவிடும். பாதுகாப்புக் கண்ணாடி அணிவதும், உலோகச் சுருளை லேத்தை நிறுத்தியபின் தூரிகையால் மட்டுமே அகற்றுவதும் விலக்கற்ற விதிகள்.

விலையுயர்ந்த பெரிய இயந்திரம் இல்லை என்பதால் நல்ல வேலை கைகூடாது என்று மனம் தளர்வோர்க்கு, இந்தக் கணக்குகள் நம்பிக்கை தரத்தக்கவை. எங்கே வளைகிறது, எவ்வளவு வளைகிறது என்பதை முன்கூட்டியே அறிந்து, நீட்டலைக் குறைத்து, தளர்வை நீக்கி, கூர்மையான டூலால் மெல்லிய வெட்டாக எடுப்பவர், சிறு லேத்திலும் நூறில் சில பங்கு மில்லிமீட்டருக்குள் அளவைப் பிடிக்க முடியும். அந்தப் பழக்கம் பெரிய லேத்திலும் அவருக்குத் துணைநிற்கும். சுத்தியல் தலையின் குறுக்குத் துளையைச் சரியான நடுவில் இடுவதற்குத் தேவையான நான்கு தாடைச் சக்கையும், டயல் கேஜால் ஜாப்பை மையப்படுத்தும் முறையையும் அடுத்த இதழ் விளக்கும்.