பழைய ஸ்டாண்டர்ட் ஹெரால்டு வாங்கப் போறீங்களா? இன்ஜினை விட அடிப்பாகத்தைப் பாருங்க!

பழைய பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார் ஒண்ணு வாங்கி, லீவு நாள்ல நாமே ஸ்பேனர் பிடிச்சு ரெடி பண்ணணும்னு பலருக்கு ஆசை. ட்ரையம்ஃப் ஸ்பிட்ஃபயரை இறக்குமதி செஞ்சா வரியே பட்ஜெட்டை முழுங்கிடும். ஆனா அதோட அண்ணன் நம்ம ஊர்லயே இருக்கு: ஸ்டாண்டர்ட் ஹெரால்டு.

1959-ல பிரிட்டன்ல வந்த ட்ரையம்ஃப் ஹெரால்டை, 1960-கள்ல சென்னையில ஸ்டாண்டர்ட் மோட்டார் நிறுவனம் தயாரிச்சது. 1962-ல வந்த ஸ்பிட்ஃபயர், ஹெரால்டு சேஸியைக் குறுக்கி மாத்தி உருவாக்கினதுதான்.

புதுசா கத்துக்கிறவங்களுக்கு ஏன் நல்லது?

பானெட் மட்கார்டோட சேர்ந்து முன்பக்கமா சாயும். டயர் மேல உட்கார்ந்தே வேலை பார்க்கலாம். 948 சிசி இன்ஜின், கார்புரேட்டர், பிளாட்டினம் பாயின்ட் அவ்வளவுதான். கம்ப்யூட்டர் எதுவும் கிடையாது.

எதைப் பார்த்து வாங்கணும்?

1. துரு: இன்ஜின் கோளாறை மெதுவா சரி பண்ணிக்கலாம், அரிச்ச சேஸி காசை விழுங்கும். திருப்பாதிரிப்புலியூர்ல இருந்து கடல் பக்கம்தான். உப்புக்காத்துல நின்ன வண்டியா இருக்கலாம். மேட்டைத் தூக்கிப் பாருங்க, ஸ்க்ரூடிரைவரால சேஸியைத் தட்டுங்க. காந்தம் ஒட்டலைன்னா உள்ளே பட்டி.

2. கதவு: நாலு கதவு மாடல் இந்தியாவுல மட்டும்தான் வந்தது. அதோட பின் கதவு பிரிட்டன்ல கிடைக்காது. மெக்கானிக்கல் பாகங்கள் பல ஸ்பிட்ஃபயருக்கும் பொது, அதனால தேடினா கிடைக்கும்.

3. ஆர்.சி.: இன்ஜின் நம்பர், சேஸி நம்பர் ரெண்டும் புக்கோட ஒத்துப்போகணும். பேப்பர் இல்லாத வண்டி எவ்வளவு மலிவா இருந்தாலும் வேண்டாம்.

வின்டேஜ் பதிவு வேணுமா?

50 வருஷம் தாண்டின, அசல் வடிவத்துல இருக்கிற வண்டிக்கு 2021-ல தனி விதி வந்துது. புதுப் பதிவுக் கட்டணம் ரூ.20,000, பத்து வருஷம் செல்லும். ஆனா தினசரி ஓட்ட முடியாது. சிதம்பரம் வரைக்கும் அப்பப்போ ஒரு டிரைவ் போகணும்னா, சாதாரணப் பதிவை அஞ்சு வருஷத்துக்கு ஒருமுறை புதுப்பிச்சு வச்சுக்கிறதே நல்லது.

காசு விஷயம்

ரூ.2 லட்சம் பர்சனல் லோன், 14% வட்டி, 3 வருஷம்னு வைங்க. இஎம்ஐ சுமார் ரூ.6,835. வட்டி மட்டுமே ரூ.46,000. வண்டி ஷெட்ல பிரிஞ்சு கிடந்தாலும் இஎம்ஐ நிக்காது.

அதனால இப்படிச் செய்யுங்க. ஆறு மாசச் செலவுக்கான அவசர நிதி முதல்ல. அப்புறம் தனியா ஆர்.டி. போட்டுச் சேருங்க. சேர்ந்ததுல பாதிக்கு மட்டும் வண்டி வாங்குங்க; மீதிப் பாதி ரிப்பேருக்கு. அந்தப் பாதிக்குள்ள வண்டி அமையலைன்னா, இன்னும் கொஞ்சம் சேருங்க. 60 வருஷம் காத்திருந்த வண்டி, உங்களுக்காக இன்னும் ஒரு வருஷம் காத்திருக்கும்!