தம்பியின் நீச்சல் குளமும் என் கிணறும்

2018 மார்கழியில் இரணைமடுக் குளத்தின் வான்கதவுகள் திறந்த இரவு, கண்டாவளையில் எங்கள் வளவுக்குள் வெள்ளம் முழங்கால் அளவு ஏறியது. வடிந்த பிறகு பார்த்தேன். கிணற்றுக்குள் சேறு, சருகு, ஒரு செத்த கோழி. மலக்குழியையும் கிணற்றையும் ஒரே வெள்ளம் மூடியிருந்ததுதான் என்னை நடுங்க வைத்தது.

ரொறன்ரோவிலிருந்து தம்பி தொலைபேசி எடுத்தான். அவன் வீட்டுப் பின்வளவில் நீச்சல் குளம் வைத்திருப்பவன். "அக்கா, கிணத்துக்குள்ள எத்தினை லீற்றர் தண்ணி நிக்குது?" அதுதான் அவன் கேட்ட முதல் கேள்வி. என்னிடம் விடையில்லை.

தன் குளத்தில் அவன் வாரம் இரண்டு தடவை இரண்டு எண்களைப் பார்ப்பானாம். குளோரின் லீற்றருக்கு 1 முதல் 3 மில்லிகிராம், பி.எச். 7.2க்கும் 7.8க்கும் இடையில். இரண்டாவது பிழைத்தால் முதலாவதால் பயனில்லை. குளோரினின் கிருமி கொல்லும் வடிவம் பி.எச். 7.5இல் பாதியளவு இருக்கும். 8க்கு ஏறினால் கால்வாசிதான். பிளீச்சிங் பவுடரில் சுண்ணாம்பும் இருப்பதால், கண்மண் தெரியாமல் கொட்டினால் பி.எச். ஏறிவிடும்.

அளவுநாடாவில் கல்லைக் கட்டி இறக்கினேன். விட்டம் 3 மீற்றர், நீர் 2 மீற்றர். ஏறக்குறைய 14,000 லீற்றர். சேறும் குப்பையும் குளோரினைத் தின்றுவிடும் என்பதால் முதலில் அவற்றை அள்ளினோம். ஒரேயடியாக வற்ற இறைக்கவில்லை. வெளியே மண் ஊறி நிற்கும்போது உள்ளே வெறுமையானால் கிணற்றுக் கட்டு சரிந்துவிடும். வன்னி மண்ணில் இதை யாரும் மறக்கக்கூடாது.

வெள்ளத்துக்குப் பிந்திய முதல் கலவைக்கு லீற்றருக்கு 50 மில்லிகிராம் என்று கணக்கிட்டோம். 700 கிராம் குளோரின் வேண்டும். பவுடரில் 30 வீதம்தான் குளோரின், ஆகவே 2.3 கிலோ. வாளிகளில் கரைத்து, சுண்ணாம்பு அடியில் தங்க விட்டு, மேலே தெளிந்ததை மட்டும் ஊற்றினோம். முகத்தைத் துணியால் மூடிக்கொண்டு, காற்று வரும் பக்கமாக நின்றோம். மோட்டரைப் போட்டு, தாங்கியிலும் ஒவ்வொரு குழாயிலும் குளோரின் மணம் வரும்வரை ஓடவிட்டு மூடினோம். பைப்புக்குள் தங்கிய கிருமியை விட்டுவிட்டால் கிணற்றைச் சுத்தம் செய்தும் பயனில்லை. ஒரு நாள் கழித்து, மணம் போகும்வரை கொஞ்சம் கொஞ்சமாக இறைத்தோம்.

நீச்சல் குளத்து வில்லைகளைக் கிணற்றில் போடச் சொல்லி ஒரு அயலவர் யோசனை சொன்னார். தம்பி பதறிப்போனான். வெயிலில் குளோரின் போகாமல் பிடிக்க அவற்றில் வேறொரு அமிலம் கலந்திருக்கும். அது குடிக்கிற தண்ணிக்கு உரியதல்ல.

இன்னொரு வித்தியாசமும் உண்டு. குளத்தில் அதே தண்ணிதான் மணல் வடிகட்டியூடாகச் சுற்றிச் சுற்றி வரும். கிணற்றுக்கு ஊற்று. போட்ட குளோரின் சில நாளில் போய்விடும், புதுத் தண்ணி வந்துவிடும். அதனால்தான் பொதுச் சுகாதாரப் பரிசோதகர் வந்து சோதிக்கும்போது இன்று குளோரின் என்ன எண் என்று கேட்கிறேன். சோதனைக் குழாய்க்குள் தண்ணி எடுத்து மாத்திரை போட்டால் இளஞ்சிவப்பு வரும். குடிதண்ணிக்கு லீற்றருக்கு 0.5 மில்லிகிராம் போதும்.

கிணற்றின் உட்சுவரில் கால் மீற்றருக்கு ஒரு கோடு பெயின்ற் அடித்து வைத்திருக்கிறேன். ஒரு கோடு என்றால் 1,770 லீற்றர். வைகாசியில் தம்பி தன் குளத்து மூடியைக் கழற்றும் நாளில் எடுப்பான்.

"அக்கா, எத்தினையாம் கோட்டிலை நிக்குது?"

"மூண்டிலை, தம்பி."