நெய்வேலி மழையில் பனி

நெய்வேலியில் மார்கழி வைகறையில் புல்நுனியில் திரள்வதையும், இமயத்தில் பொழிவதையும் நாம் பனி என்றே அழைக்கிறோம். முன்னது வானிலிருந்து விழுவதன்று. இரவில் குளிர்ந்த புல்லின்மீது காற்றின் ஈரம் நீராகப் படிவது. பின்னது முகிலில் பிறந்து, உறைகுளிர்க் காற்றினூடே உருகாமல் இறங்குவது. வழியில் வெப்பக் காற்றடுக்கில் உருகித் தரைக்குமேல் மீண்டும் உறைந்தால் பனிமணியாகும். தரையைத் தொட்ட பின்னரே உறைந்தால் உறைமழையாகும்.

நம் வானிலோ உறைநிலை ஏறத்தாழ 5 கிலோமீட்டர் உயரத்தில் உள்ளது. அதனைக் கடந்தெழும் வடகிழக்குப் பருவ முகில்களில் பல துளிகள் பனித்துகள்களாகவே தோன்றி, இறங்கும் வழியில் உருகி மழையாகின்றன.

ஐப்பசி, கார்த்திகையில் சுரங்கக் குழியில் தேங்கும் மழைநீரை இறைத்த பின்னரே பழுப்பு நிலக்கரியை வெட்ட இயலும். அந்நீரிலும் ஒரு பகுதி, சற்று முன்னர் பனியாயிருந்ததே!