புல எண்ணுக்குள் அடங்காத பெயர்கள்

நிலத்தை விற்கவும் வாங்கவும் புல எண் போதும். அந்த நிலத்தின் பழைய வரைபடத்தை மீட்க அது போதாது. திருவள்ளூர் மாவட்டத்து அம்மையார்குப்பத்தைச் சுற்றியுள்ள ஏரிகளும் கரடுகளும் ஓடைகளும் கிராம வரைபடத்தில் எண்ணாகவோ, வெறும் புறம்போக்காகவோதான் நிற்கின்றன. எந்த மதகை ஊரார் எப்படிக் குறிப்பிடுகிறார்கள், எந்தப் பாறையோடு ஊர் எல்லை முடிகிறது என்பதெல்லாம் ஆடு மேய்ப்பவர்களும் ஏரிநீர் பாய்ச்சியவர்களும் நினைவில் வைத்திருக்கும் செய்திகள்.

இவற்றை எழுதிவைக்கும் வேலை புதியதல்ல. இதே மாவட்டத்துத் திருவாலங்காட்டில் 1905இல் 31 செப்பேடுகள் கிடைத்தன. முதலாம் இராஜேந்திரனின் ஆறாம் ஆட்சியாண்டில் பழையனூரைக் கோயிலுக்குக் கொடுத்த ஆணை அது. சோழர் வம்சாவளிக்காக அதைக் கொண்டாடும் நாம், எல்லை சொல்லும் பகுதியைப் பெரும்பாலும் புரட்டிவிட்டுப் போகிறோம். எனக்கோ அந்தப் பகுதிதான் பெரும் வியப்பு. சோழர் காலத்தில் ஓர் ஊரைத் தானம் கொடுக்கும்போது பெண் யானையை எல்லை நெடுக நடத்தி, கல்லும் கள்ளியும் நட்டு, வழியில் வரும் வாய்க்கால், ஏரிக்கரை, பக்கத்து ஊர் நிலம் என ஒவ்வொன்றையும் திசை வரிசையில் எழுதுவது வழக்கம். இதன் பயன் அந்த வரிசையில் இருக்கிறது. தொடரில் இரண்டு பெயர்கள் இன்றும் புழக்கத்தில் இருந்தால், நடுவில் மறைந்துபோனவற்றை எங்கே தேடுவது என்பது குறுகிவிடும். அந்த இரண்டும் வழக்கொழிந்தால் செப்பேடு கையில் இருந்தும் நிலத்தில் காலூன்ற இடமில்லை.

செயற்கைக்கோள் படம் இருக்கும்போது இந்தப் பெயர்ப் பதிவு எதற்கு என்று கேட்கலாம். வானிலிருந்து எடுத்த படம் ஏரியின் வடிவத்தைத் துல்லியமாகக் காட்டும், பெயரைக் காட்டாது. பழைய ஆவணமோ பெயரைத்தான் சொல்கிறது. இரண்டையும் இணைக்க ஊரார் வாய்ச்சொல் வேண்டும்.

இதைவிடக் கனமான மறுப்பு ஒன்று உண்டு: பெயர்கள் மாறுபவை, எதைச் சரியென்று எடுப்பது? அம்மையார்குப்பம் உள்ள திருத்தணி வட்டாரம் 1960 ஏப்ரல் 1 அன்று ஆந்திரத்திலிருந்து சென்னை மாநிலத்துக்கு வந்தது. எல்லையைப் பிரித்த படாஸ்கர் ஊரை அலகாகக் கொண்டு மொழிப் பெரும்பான்மையைப் பார்த்தார். ஆனால் பேச்சு அந்தக் கோட்டில் நின்றுவிடவில்லை. இந்தப் பக்கம் கண்டிகை என்பது அந்தப் பக்கம் கண்ட்ரிகா. இவற்றில் ஒன்றைத் தேர்ந்து மற்றதை அடிப்பது வரலாற்று வரைபடத்தின் வேலையாகாது. 1824இல் தொடங்கிய அயர்லாந்து நில அளவையின் பெயர்ப் பதிவேடுகள் ஒரே இடத்தின் பல எழுத்து வடிவங்களையும், ஒவ்வொன்றும் எங்கிருந்து கிடைத்தது என்பதையும் சேர்த்தே எழுதின. இங்கும் அதுவே முறையாக வேண்டும்: சொன்ன வடிவம், சொன்னவர் தொழில், கேட்ட ஆண்டு, நிலத்தில் இடம். பெயருக்குச் சொல்லப்படும் தலபுராண விளக்கம் தனிப் பத்தியில் இருக்கட்டும். அது நம்பிக்கையின் சான்று, பெயரின் சான்றல்ல.

2020 ஜூனில் தமிழக அரசு 1,018 ஊர்ப்பெயர்களின் ஆங்கில எழுத்துகளைத் திருத்தி ஆணையிட்டு, சில நாட்களில் திரும்பப் பெற்றது. அத்தனை விவாதமும் ஊர்ப்பெயரோடு நின்றது. ஊருக்குள் இருக்கும் தாங்கலும் களத்துமேடும் பேச்சுக்கே வரவில்லை. ஏரிப் பாசனம் குறைந்து ஆழ்துளைக் கிணறு வந்த இடங்களில் மதகின் பெயரைச் சொல்லவேண்டிய தேவையே அற்றுவிட்டது. ஆகவே பதிவை அங்கிருந்து தொடங்க வேண்டும்: முதலில் மதகுகள், பிறகு கலங்கல், பிறகு வரத்துக்கால்.