வயல் சேறும் விடாத நீர்க்கடுப்பும்

நீர்க்கடுப்பு வந்தா நம்ம ஊர்ல முதல்ல இளநீர், அப்புறம் நீர்மோர். ரெண்டு நாள்ல சரியாகலைன்னா மருந்துக்கடையில் ஏதோ ஒரு மாத்திரை. பெரும்பாலும் சரியாகிவிடும். ஏனென்றால் சிறுநீர்ப் பாதைத் தொற்றில் முக்கால்வாசிக்குக் காரணம் ஈ.கோலை என்ற குடல் பாக்டீரியாதான். அடுத்து வரும் கிளெப்சியெல்லா, என்டெரோகாக்கஸ் போன்றவையும் குடலில் குடியிருப்பவையே.

ஆனால் மண்ணிலிருந்து வரும் ஒன்றும் உண்டு. தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம் பக்கம் சேற்றில் இறங்கி வேலை செய்பவர்கள் அதைத் தெரிந்துவைத்திருப்பது நல்லது.

அதன் பெயர் பர்க்ஹோல்டேரியா சூடோமாலேய். அது உண்டாக்கும் நோய் மெலியாய்டோசிஸ். இதை முதலில் அடையாளம் கண்டவர்கள் ரங்கூனில் வேலை பார்த்த விட்மோர் என்ற மருத்துவரும் அவருடைய உதவியாளர் சி. எஸ். கிருஷ்ணசாமியும். 1912-ல் இதைப் பற்றி எழுதினார்கள். பிறகு தாய்லாந்திலும் வட ஆஸ்திரேலியாவிலும் நிறைய ஆராய்ச்சி நடந்தது. நம் பக்கத்தில் வேலூர் சி.எம்.சி. மருத்துவர்கள் 1990-களிலிருந்தே இந்த நோயாளிகளைக் கண்டு பதிவு செய்திருக்கிறார்கள்.

வெப்பமான நாடுகளின் ஈரமண்ணும் தேங்கிய தண்ணீரும் இதற்கு வீடு. நெல்வயல் அதற்கு ஏற்ற இடம். காலில் உள்ள வெட்டுக்காயம், சேத்துப்புண் வழியாக உள்ளே போகலாம். மூச்சு வழியாகவும், குடிக்கும் தண்ணீர் வழியாகவும் போகலாம். மழைக்காலத்தில்தான் நோயாளிகள் அதிகம். திடமான உடம்பில் பெரும்பாலும் ஒன்றும் செய்யாது. சக்கரை நோய் இருந்தால் கதை வேறு. இந்த நோய் வருபவர்களில் பாதிப்பேர் அல்லது அதற்கும் மேல் சக்கரைக்காரர்கள். சிறுநீரகக் கோளாறும் குடிப்பழக்கமும் ஆபத்தைக் கூட்டும்.

சரி, மண் பாக்டீரியாவுக்கும் நீர்க்கடுப்புக்கும் என்ன சம்பந்தம்? மற்ற தொற்றுகள் பெரும்பாலும் கீழிருந்து மேலே ஏறும். இது ரத்தத்தில் கலந்து, நுரையீரல், கல்லீரல், மண்ணீரல் என்று போய்ச் சீழ்க்கட்டி வைக்கும். ஆண்களுக்குப் புராஸ்டேட் சுரப்பியிலும் வைக்கும். வட ஆஸ்திரேலியாவில் இந்த நோய் வந்த ஆண்களில் ஏறக்குறைய 5-ல் ஒருவருக்குப் புராஸ்டேட்டில் சீழ் இருந்தது. காய்ச்சல், எரிச்சல், நீர் பிரியாமல் அடைப்பு. பார்க்க சாதாரண நீர்க்கடுப்பு மாதிரியே இருக்கும். பெண்களுக்குச் சிறுநீரகத்தில் வரலாம்.

சிக்கல் ஆய்வகத்திலும் இருக்கிறது. இது மெதுவாக வளரும். ஒரே நாளில் தட்டைப் பார்த்துவிட்டு மூடினால் கண்ணில் படாது. வளர்ந்தாலும் 'சூடோமோனாஸ்' என்று எழுதி முடித்துவிடுவது அடிக்கடி நடக்கும் தவறு. ஒரு நல்ல துப்பு உண்டு: ஜென்டாமைசின் கேட்காது, கொலிஸ்டின் கேட்காது, ஆனால் அமாக்சிக்ளாவ் கேட்கும். வழக்கமான சூடோமோனாஸ் அமாக்சிக்ளாவுக்கு மசியவே மசியாது. இந்த மூன்றும் சேர்ந்து வந்தால் உடனே சந்தேகப்பட வேண்டும்.

பெயர் ஏன் அவ்வளவு முக்கியம்? மருத்துவமே வேறு என்பதால்தான். செஃப்டாசிடைம் அல்லது மெரோபெனெம் ஊசி குறைந்தது 2 வாரம். புராஸ்டேட்டில் சீழ் இருந்தால் இன்னும் அதிக நாள், சில சமயம் சீழை வெளியே எடுக்கவும் வேண்டும். அதன்பின் கோட்ரைமாக்சசோல் மாத்திரை 3 மாதமாவது. காய்ச்சல் விட்டதும் மாத்திரையை நிறுத்தினால் திரும்பி வரும். 5 நாள் மாத்திரை இதைக் கொஞ்சம் அடக்கும், கொல்லாது. 2016-ல் வெளியான ஒரு கணக்கீட்டின்படி உலகில் ஆண்டுக்குச் சுமார் 1,65,000 பேருக்கு இந்த நோய் வருகிறது. 89,000 பேர் இறக்கிறார்கள். அந்தச் சுமையில் பெரும்பங்கு தெற்காசியாவுக்கு.

இதைப் படித்துவிட்டு ஒவ்வொரு நீர்க்கடுப்புக்கும் பயப்பட வேண்டாம். ஆனால் சக்கரை உள்ள ஒரு ஆணுக்குக் காய்ச்சலோடு நீர்க்கடுப்பு வந்து, மாத்திரை போட்டும் விடாமல் திரும்பி வந்தால், மருந்துக்கடையோடு நிறுத்தாதீர்கள். அடுத்த ஆன்டிபயாடிக் போடும் முன் யூரின் கல்ச்சருக்கும் ரத்தக் கல்ச்சருக்கும் கொடுங்கள். புராஸ்டேட்டை ஸ்கேன் செய்ய வேண்டுமா என்று கேளுங்கள். முக்கியமாக, "நான் வயல்ல இறங்குற ஆளு, சக்கரை இருக்கு" என்று டாக்டரிடம் சொல்லுங்கள். அவர் கேட்காமல் போகலாம்.

நடவுச் சேற்றில் கம்பூட்ஸ் போட்டு நடப்பது கஷ்டம்தான், தெரியும். ஆனால் காலில் புண் ஆறும்வரை சேற்றில் இறங்காமல் இருக்கலாம். இறங்கியே ஆக வேண்டுமென்றால் புண்ணைத் தண்ணீர் புகாமல் கட்டிக்கொண்டு, கரையேறியதும் நல்ல தண்ணீரில் சோப்புப் போட்டுக் கழுவலாம். சக்கரையைக் கட்டுக்குள் வைப்பதும் இந்தப் பாதுகாப்பில் சேர்த்திதான்.