அந்த மாத்திரையின் பெயர் என்ன?

திருப்பூர் வேலம்பாளையம் பக்கம் ஒரு பனியன் கம்பெனி. சாப்பாட்டு மணி அடித்ததும் ஓவர்லாக் மெஷினை விட்டு எழுந்த அக்கா, டிபன் பாக்ஸைத் திறக்கும் முன் பர்ஸைத் திறந்தார். உள்ளே செய்தித்தாள் துணுக்கில் மடித்த இரண்டு வெள்ளை மாத்திரைகள். கடையில் அட்டையைக் கத்தரித்துக் கொடுத்ததில், பெயர் அச்சிட்ட பகுதி அங்கேயே நின்றுவிட்டது.

“தோள்பட்டை வலிக்குதுன்னு மெடிக்கல்ல கேட்டனுங்க. பவர் ஜாஸ்தி, ஒண்ணே போதும்னு குடுத்தாங்க. போட்டா ஒன்றரை ஷிப்ட்டும் ஓட்டிரலாமுங்க” என்றார்.

ஷிப்மென்ட் போகிற வாரம் அது. பீஸ் ரேட்டில் கை நின்றால் கூலியும் நின்றுவிடும். அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆனால் அந்தக் காகிதத் துணுக்கு என் கண்ணை விட்டுப் போகவே இல்லை.

பழைய பழக்கம்

2019 ஜூனில் தாம்சன் ராய்ட்டர்ஸ் அறக்கட்டளையின் செய்தியாளர்கள், தமிழ்நாட்டு ஆடைத் தொழிலில் வேலை செய்யும் சுமார் 100 பெண்களிடம் பேசி ஒரு செய்தி வெளியிட்டார்கள். மாதவிடாய் வலி என்று சொன்னவர்களுக்கு வேலை செய்யும் இடத்திலேயே பெயரில்லாத மாத்திரை கொடுக்கப்பட்டிருக்கிறது. மருத்துவர்களிடம் காட்டியபோது, அவை ஐபுபுரோஃபென் போன்ற வலி நிவாரணிகள் என்று தெரிந்தது. அதுவே மாதக்கணக்கில், வெறும் வயிற்றில் போட்டால் குடலைப் புண்ணாக்கும், சிறுநீரகத்தையும் பாதிக்கும். பெயர் கேட்காமல் விழுங்கப் பழகிவிட்ட இடத்தில், அடுத்து வருவது அதைவிட வீரியமானதாக இருந்தால் யாருக்குத் தெரியும்?

ஓபியாய்டு என்றால்

அபினிலிருந்து எடுக்கப்படும் அல்லது அதைப் போலவே மூளையில் வேலை செய்யும் வலி மருந்துகளுக்கு ஓபியாய்டு என்று பெயர். மார்ஃபின், கோடீன், ஃபென்டனில், டிரமடால், டாபென்டடால் எல்லாம் இந்தக் குடும்பம். பாராசிட்டமால் இதில் சேராது. ஆனால் டிரமடால் 37.5 மில்லிகிராம், பாராசிட்டமால் 325 மில்லிகிராம் இரண்டும் சேர்ந்த மாத்திரை கடைகளில் சாதாரணமாகப் புழங்குகிறது. சாப்பிடுகிறவர் ‘வலி மாத்திரை’ என்று மட்டும் நினைத்துக்கொண்டிருப்பார். காய்ச்சல் வந்தால் தனியாக இன்னொரு பாராசிட்டமாலும் போடுவார். அளவு மீறினால் கல்லீரல்தான் பாதிக்கப்படும்.

அக்காவை அழைத்துக்கொண்டு அந்தக் கடைக்குப் போய் மீதி அட்டையைக் காட்டச் சொன்னோம். அதே கலவைதான். அக்காவுக்குச் சின்ன வயதில் வலிப்பு வந்திருக்கிறது. டிரமடால் வலிப்பைத் தூண்டக்கூடிய மருந்து. கடையில் யாரும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

முதுகு, கழுத்து வலிக்கு ஓபியாய்டு உதவுமா என்ற கேள்விக்கும் பதில் இருக்கிறது. திடீரென வரும் இடுப்பு, கழுத்து வலிக்காரர்கள் சுமார் 350 பேரிடம் ஆஸ்திரேலியாவில் நடந்த ஆய்வு 2023இல் ‘லான்செட்’ இதழில் வெளியானது. ஓபியாய்டு சாப்பிட்டவர்களுக்கும் மருந்தே இல்லாத வெற்று மாத்திரை சாப்பிட்டவர்களுக்கும் ஆறு வாரத்தில் வலி குறைந்ததில் பெரிய வித்தியாசமில்லை. டெய்லர்களுக்கும் கட்டிங் மாஸ்டர்களுக்கும் வருவது பெரும்பாலும் இடுப்பும் கழுத்தும் தோளும்தான்.

சனிக்கிழமை சாயங்காலம்

ஓபியாய்டு மூச்சின் வேகத்தைக் குறைக்கும். மருத்துவர் சொன்ன அளவில் இருக்கும்வரை உடல் சமாளிக்கும். அதனுடன் மதுவோ அல்பிரசோலம் போன்ற தூக்க மாத்திரையோ சேர்ந்தால் தூக்கத்திலேயே மூச்சு நின்றுபோகலாம். திருப்பூரில் வாரச் சம்பளம் கைக்கு வருவது சனிக்கிழமை. மாத்திரை போட்டு வாரத்தை ஓட்டிய ஒருவர் அன்று மதுக்கடைக்கும் போனால் என்ன ஆகும் என்பதுதான் எனக்கு இருக்கும் பெரிய பயம்.

எழுப்பினாலும் எழாத உறக்கம், நின்று நின்று வரும் மூச்சு, தொண்டையில் கொரகொரவென்று சத்தம், நீலம் பாய்ந்த உதடு, ஊசிமுனையாகச் சுருங்கிய கண்பாவை. இவற்றில் எதைப் பார்த்தாலும் ‘போதையில் தூங்குகிறான்’ என்று விட்டுவிடாதீர்கள். உடனே 108ஐ அழையுங்கள். மூச்சு இருந்தால் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். காலி அட்டையையும் கூடவே எடுத்துப் போங்கள். நாலாக்சோன் என்ற மாற்று மருந்து இருக்கிறது, நேரத்தோடு போய்ச் சேர்ந்தால் பிழைக்கலாம்.

உயிர் போகும் அளவுக்கு இல்லாவிட்டாலும் மயக்கமும் கைத்தடுமாற்றமும் உண்டு. கட்டிங் மெஷினில் கத்தி ஓடும்போதும், நள்ளிரவில் பல்லடம் ரோட்டில் பைக் ஓட்டும்போதும் அதுவே போதும் விபத்துக்கு.

சட்டம் என்ன சொல்கிறது

2014 மார்ச் முதல் டிரமடால், கோடீன் உள்ளிட்ட மருந்துகள் ‘எச்1’ பட்டியலில் இருக்கின்றன. மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக்கூடாது. வாங்குபவர் பெயரும் எழுதிய மருத்துவர் பெயரும் பதிவேட்டில் ஏற வேண்டும், பதிவேட்டை மூன்று ஆண்டு வைத்திருக்க வேண்டும். 2018 ஏப்ரலில் டிரமடால் போதைப்பொருள் தடுப்புச் சட்டத்துக்குள்ளும் வந்தது. சீட்டில்லாமல் உங்களுக்கு அது கிடைத்தால், கடைக்காரர் உதவி செய்ததாக நினைக்க வேண்டாம்.

கோவையிலும் திருப்பூரிலும் வலி மாத்திரையைப் போதைக்காக விற்றவர்கள் கைதான செய்திகள் அடிக்கடி வருகின்றன. அதில் அடிபடும் பெயர் டாபென்டடால். அதைக் கரைத்து ஊசியில் ஏற்றிக்கொண்ட பிள்ளைகள் இறந்தும் போயிருக்கிறார்கள். மாத்திரையில் சேர்க்கும் மாவுப்பொருள் ரத்தத்தில் கரையாது, நுரையீரலின் நுண்குழாய்களை அடைத்துவிடும். உங்கள் வீட்டுப் பையன் இதில் சிக்கியிருந்தால் அடித்து உதைப்பதால் பயனில்லை. 14446 என்ற போதை மீட்பு உதவி எண்ணை அழைக்கலாம். போதைப் பழக்கம் சிகிச்சை தேவைப்படும் நோய்.

மார்ஃபின் என்றதும் அழ வேண்டாம்

இவ்வளவும் படித்துவிட்டு, புற்றுநோயில் துடிக்கும் அப்பாவுக்கு மருத்துவர் எழுதிய மார்ஃபினை வேண்டாம் என்று சொல்லிவிடாதீர்கள். அது இன்னொரு கொடுமை. எங்கள் தெருவில் கட்டிங் மாஸ்டராக இருந்த ஒருவருக்கு வாய்ப் புற்று. மார்ஃபின் கொடுத்தால் கடைசி வந்துவிட்டது என்று பயந்து, வீட்டில் மாத்திரையை அரிசி டப்பாவுக்குள் ஒளித்து வைத்தார்கள். இரண்டு வாரம் அவர் முனகியது தெருவுக்கே கேட்டது. பிறகு முறையாகக் கொடுத்ததும் எழுந்து உட்கார்ந்து பேத்தியோடு பேசினார்.

சரியான அளவில் கொடுத்தால் மார்ஃபின் ஆயுளைக் குறைக்காது. வலிக்காக, கண்காணிப்போடு எடுப்பவர் போதைக்கு அடிமையாவதும் அரிது. மத்தியப் பிரதேசத்திலும் ராஜஸ்தானிலும் உத்தரப் பிரதேசத்திலும் அரசு உரிமத்தோடு அபினுக்காகக் கசகசாச் செடி வளர்க்கும் நாடு இது. ஆனால் 1985ஆம் ஆண்டின் போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தின் கெடுபிடியால் நம் நோயாளிகளுக்கே மார்ஃபின் எட்டாமல் இருந்தது. கேரளத்தின் டாக்டர் எம்.ஆர். ராஜகோபால் போன்றோர் பல ஆண்டுகள் போராடிய பின் 2014இல் சட்டம் திருத்தப்பட்டது. தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் வலி தணிப்புச் சிகிச்சையும் வீடு தேடி வருகிறது.

மார்ஃபின் கொடுக்கும்போது மலச்சிக்கல் கட்டாயம் வரும் என்று வைத்துக்கொண்டு, அதற்கான மருந்தையும் முதல் நாளே கேட்டு வாங்குங்கள். கடிகாரத்தைப் பார்த்து, சொன்ன நேரத்துக்குக் கொடுங்கள். மெதுவாகக் கரையும் வகை மாத்திரையை உடைக்கவோ பொடிக்கவோ கூடாது. வலி குறைந்ததும் திடீரென நிறுத்தினால் வியர்வை, நடுக்கம், வயிற்றுப்போக்கு வரும். மருத்துவர் சொல்லிப் படிப்படியாகக் குறைக்க வேண்டும். குழந்தைகள் கைக்கு எட்டாத பூட்டிய பெட்டியில் வையுங்கள். மீதியை அக்கம்பக்கத்தாருக்கு இரக்கப்பட்டுக்கூடக் கொடுக்காதீர்கள். கர்ப்பிணிகள், பால் கொடுக்கும் தாய்மார்கள், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் அதை முதலிலேயே மருத்துவரிடம் சொல்லிவிட வேண்டும்.

லீவு போட்டால் சம்பளம்?

கூலி போய்விடும் என்ற பயம்தான் மாத்திரையை விழுங்க வைக்கிறது. இ.எஸ்.ஐ. அட்டை உள்ளவர், தேவையான நாட்களுக்குச் சந்தா கட்டியிருந்தால், மருத்துவச் சான்றோடு ஆண்டுக்கு 91 நாள் வரை சம்பளத்தில் 70 சதவீதம் நோய்க்கால உதவியாகப் பெறலாம். அட்டையே இல்லாத ஜாப் ஒர்க், பவர் டேபிள் தொழிலாளர்கள் எத்தனையோ பேர். அவர்களை அட்டைக்குள் கொண்டுவருவது முதலாளிகளின் கடமை.

அக்காவிடம் அட்டை இருந்தது, ஒரு முறைகூடப் பயன்படுத்தியதில்லை. மருத்துவர் அந்த மாத்திரையை நிறுத்தி, பிசியோதெரபிக்கு அனுப்பினார். ஸ்டூல் நாலு விரல் தாழ்வாக இருப்பதால் தோளைத் தூக்கியபடியே தைத்திருக்கிறார் என்று அங்கே சொன்னார்கள். இப்போது வேஸ்ட் துணியை மடித்துத் தைத்த ஒரு மெத்தையைப் போட்டு உட்காருகிறார். பக்கத்து மெஷின்காரப் பெண்ணும் ஒன்று கேட்டாளாம்.